நுனியின் வயது

தலைத்தோலுக்கு வெளியே நீண்டு கிடக்கும் முடியில் உயிர் இல்லை. தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில், மயிர்க்கால் எனப்படும் சிறு குழியின் அடியில் பிறக்கும் செல்கள், மேல்நோக்கித் தள்ளப்படும் வழியிலேயே கெரட்டின் என்னும் கடினப் புரதத்தால் நிறைந்து, உட்கருவை இழந்து, வெளிச்சத்துக்கு வருமுன்பே இறந்து முடிந்துவிடுகின்றன. உறங்கப் போகும் ஒருத்தி, உயிருள்ள உறுப்புகளையெல்லாம் இருந்தபடியே விட்டுவிட்டு, உயிரற்ற இந்த ஒன்றை மட்டும் திரட்டி, பின்னி, தலையணைக்கு மேலே ஒதுக்கிப் போட்ட பிறகே கண்மூடுகிறாள் என்பது, யோசிக்க யோசிக்கச் சாதாரணமான பழக்கமாகத் தோன்றாமல் போகிறது. அழகுக்காக என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த விடை பகலுக்குப் பொருந்தும் அளவுக்கு இரவுக்குப் பொருந்துவதில்லை. பார்ப்பவர் எவரும் இல்லாத, பாதுகாப்பவளுக்கே நினைவு தப்பிப்போகும் ஏழெட்டு மணி நேரத்திற்காகச் செய்யப்படும் ஏற்பாடு அது. உயிரற்றதை ஏன் காக்க வேண்டும் என்ற கேள்விக்கு உடலியல் தரும் பதில் எளிமையானது, ஆனால் சற்றுக் கலங்க வைப்பது: உயிரற்றது என்பதால்தான் காக்க வேண்டியிருக்கிறது. தோலில் கீறல் விழுந்தால் சில நாளில் ஆறுகிறது. எலும்பு முறிந்தால்கூடக் கூடிவிடுகிறது. முடியில் ஏற்படும் சிறு சிராய்ப்பு ஒருபோதும் ஆறுவதில்லை. நரம்பு இல்லாததால் அது வலியாகத் தெரிவதில்லை, குருதி இல்லாததால் பழுது பார்க்க எதுவும் வந்து சேர்வதில்லை, பட்ட தேய்மானம் எல்லாம் பட்ட இடத்திலேயே தங்கிவிடுகிறது.

முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இந்தச் சாதாரணக் கணக்கை இடுப்பைத் தொடும் கூந்தல் மீது வைத்துப் பார்த்தால், 75 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் இழையின் அடி இந்த வாரத்துக்குரியதாகவும் நுனி ஆறு ஆண்டுகளுக்கு முன்பு தோலைவிட்டு வெளிவந்ததாகவும் இருப்பது தெரியவரும். இடையில் கழிந்தவை 2,000-க்கும் மேற்பட்ட இரவுகள். வேலை தேடிக்கொண்டிருந்த நாள்களின் இரவு, பிள்ளை பெற்ற இரவு, ஊர் மாறி வந்த முதல் இரவு, காய்ச்சலில் புரண்ட இரவு எல்லாவற்றையும் கடந்து வந்த பொருள்தான் அந்த நுனி. அதை உடையவள் அவற்றில் பலவற்றை மறந்திருக்கலாம். ஒரு முடியிழையின் மேற்புறம் ஓட்டுக் கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்று பாதி கவிந்த செதில்களால் வேயப்பட்டது. அடிப்பகுதியில் இந்தச் செதிலடுக்கு பல படலங்களாகவும் விளிம்பு சிதையாமலும் இருக்கும், நுனியை நெருங்க நெருங்க விளிம்புகள் உடைந்து, படலங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் உள்ளீடான நார்ப்பகுதி வெறுமையாகி இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்துவிடும். நுனிப்பிளவு என்று வழங்கப்படும் இதற்குச் சீப்பும் வெயிலும் சோப்பும் காரணம் என்று பட்டியலிடுகிறவர்கள் தலையணையைக் கடைசியாகவே சொல்கிறார்கள். வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கை மனிதர்கள் அதன்மேல்தான் கழிக்கிறார்கள் என்பதை எண்ணினால் அந்த வரிசை சரியானதாகப் படவில்லை.

உறங்குபவர் இரவில் பலமுறை புரள்கிறார். ஒவ்வொரு புரளலிலும் தலையின் எடை முழுவதும் சில நூறு இழைகளைத் துணியோடு சேர்த்து அழுத்தித் தேய்க்கிறது. செதில்களின் விளிம்பு நுனியை நோக்கியே அமைந்திருப்பதால், அடியிலிருந்து நுனிக்கு நீவும்போது முடி வழுக்கிக்கொண்டு போகும், நுனியிலிருந்து அடிக்கு நீவினால் பிடித்துக்கொள்ளும். ஓர் இழையை இரு விரல்களுக்கிடையே வைத்து இருபக்கமும் இழுத்துப் பார்க்கும் எவருக்கும் இது விரலிலேயே தெரிந்துவிடும். திசைசார் உராய்வு எனப்படும் இந்தப் பண்புதான் ஆட்டு ரோமத்தை ஈரத்தில் பிசைந்து நெய்யாமலே கம்பளித் தகடாக்க உதவுவது. அதே பண்பு பிடரியிலும் வேலை செய்கிறது. நாள்தோறும் 50 முதல் 100 முடிகள்வரை வேரைவிட்டுக் கழலுவது இயல்பு. கழன்றவை உடனே விழுந்துவிடுவதில்லை, மற்ற முடிகளுக்கிடையே தங்கிவிடுகின்றன. வேரின் பிடிப்பு இல்லாத அந்த இழை, புரளலின் அசைவில் சிறிது சிறிதாகத் தன் அடிப்பக்கமாகவே நகர்கிறது, நகர்ந்து மற்ற இழைகளைச் சுற்றிக்கொள்கிறது, விடியும்போது கழுத்துக்கு மேலே விரல் நுழையாத ஒரு சிக்கு உருவாகிவிடுகிறது. சிக்கைக் கட்டுவது பெரும்பாலும் இறுக்கமாக ஒட்டியிருக்கும் முடி இல்லை, உடலைவிட்டுப் போகத் தொடங்கிய முடி என்பது கவனிக்கத்தக்கது. படுக்குமுன் சீவுவதன் உண்மையான பயன் போகவேண்டியதைப் போகவிடுவதில்தான் இருக்கிறது. வாரிய பின் பின்னுவது இருப்பதை ஒரே திசையில் நிறுத்திவைக்கிறது.

ஈரம் இந்தக் கணக்கை மேலும் கடுமையாக்குகிறது. நனைந்த முடி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை ஏற்றுக்கொண்டு பருமனில் உப்புகிறது. உப்பும்போது செதில்கள் விளிம்பு தூக்கி நிற்கின்றன, இழை எளிதில் நீண்டு, நீண்டபின் எளிதில் அறுந்துபோகிறது. காலையில் தலைக்குக் குளித்து வெயிலிலும் சாம்பிராணிப் புகையிலும் ஆற்றிக்கொள்ளும் வழக்கம் நேரம் இருந்தவர்களின் வழக்கம். வேலைக்கு ஓடும் பெண்கள் இரவு ஒன்பது மணிக்குமேல் தலைக்குக் குளித்து, ஈரம் உலராமலே படுக்கிறார்கள். இதைச் சோம்பல் என்று கண்டிக்கும் அறிவுரைகள் அவர்களுடைய காலை நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பட்டுத் தலையணை உறையைப் பற்றிய இன்றைய விளம்பரங்களிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. பருத்தி முடியின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பட்டு உறிஞ்சாது என்று அவை சொல்கின்றன. துணியியலின் அளவீடுகளோ வேறுவிதமாகப் பேசுகின்றன. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கையில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தையும், பட்டு ஏறத்தாழ 11 விழுக்காட்டையும், பாலியெஸ்டர் அரை விழுக்காட்டுக்கும் குறைவானதையும் ஏற்கின்றன. பட்டின் நன்மை, இருக்குமானால், அதன் வழவழப்பில் இருக்கிறது. அந்த வழவழப்பு நீண்ட நூலோட்டமுள்ள சாட்டின் நெசவில் மலிவான இழையிலும் கிடைத்துவிடும். பலமுறை துவைத்து நைந்த பழைய நூல்சேலையைத் தலையணைமீது விரித்துப் படுத்த தலைமுறை, எண்ணெய்ப் பிசுக்கு உறையில் இறங்காதிருக்கவே அதை விரித்தது; முடிக்கும் அந்த மென்மை உதவியிருக்கும் என்று எண்ண இடமிருக்கிறது.

எண்ணெயைப் பொறுத்தவரை வீட்டு வழக்கம் சோதனைச் சாலையில் நன்றாகவே தேறியிருக்கிறது. இந்திய ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, தேங்காய் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டு, முடியிலிருந்து புரதம் கழிவதைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்று காட்டியது. அதில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறாக இருப்பதால் இழைக்குள்ளேயே இறங்கிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இரவு முழுவதும் ஊறவிடுவது என்ற பழைய முறைக்கு இது ஒருவகையில் துணைநிற்கிறது. ஆனால் தலைத்தோலில் வாழும் மலசீசியா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை கொழுப்பை உண்டு வாழ்வது. பொடுகு உள்ளவர் வேர்க்கால்வரை எண்ணெய் வைத்து உறங்கினால், முடிக்குச் செய்யும் நன்மை தோலுக்குத் தீமையாக முடியக்கூடும். அதனால் எண்ணெய் எங்கே வைக்கப்படுகிறது என்பது எவ்வளவு வைக்கப்படுகிறது என்பதைவிட முக்கியமாகிறது. உச்சியில் அரக்கித் தேய்ப்பதே பழக்கமாக இருக்க, உண்மையில் வறண்டு தவிக்கும் நுனிக்கு உள்ளங்கையில் மீந்ததுதான் போய்ச் சேர்கிறது.

தமிழ் வீடுகளில் இரவுக் கூந்தலுக்கான ஒழுங்கு இரவில் தொடங்குவதில்லை என்பது இதில் விளங்கிக்கொள்ளக் கடினமான இடம். விளக்கு வைத்த பிறகு தலைவாரக் கூடாது என்ற கட்டளை பரவலாக வழங்குகிறது. தலையை விரித்துப்போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது என்ற கட்டளையும் கூடவே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து நிறைவேற்ற ஒரே வழி, பொழுது சாயுமுன் சிக்கெடுத்து, வாரி, பின்னி, பூ வைத்துக்கொள்வது. அந்தி நேரத்துப் பின்னல் பூவை மட்டும் இழந்து அப்படியே இரவுப் பின்னலாகிவிடும். பிற்பகல் மூன்று நான்கு மணிக்குத் திண்ணையிலோ பின்வாசற்படியிலோ ஒருத்தி படியில் அமர, இன்னொருத்தி அவளுக்கு மேற்படியில் அமர்ந்து, முதலில் சிணுக்கோலியால் சிக்கைப் பிரித்து, பிறகு அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேலேறி, கடைசியில் பேன்சீப்பை ஓட்டிய காட்சி ஒரு காலத்தின் தினசரி வேலை. சீப்பில் வந்த முடியை ஆள்காட்டி விரலில் சுற்றி உருண்டையாக்கி, மூன்று முறை துப்பி, வீட்டுக்கு வெளியே எறிவார்கள். மங்கிய விளக்கொளியில் உதிரும் முடி சோற்றில் விழும் என்ற காரணம் நடைமுறைக்கு ஒத்ததுதான். எனினும் துப்புவதற்கு அந்தக் காரணம் போதாது. உடலைவிட்டுப் போன முடியைக் கொண்டு பிறர் தீங்கு செய்யக்கூடும் என்ற அச்சமும், விரிந்த கூந்தல் என்றாலே சாவு வீட்டையும் சபதத்தையும் பேயையும் நினைக்கும் மனமும் அதில் கலந்திருக்கின்றன. அந்தப் பின்னல் இருட்டிலிருந்து கூந்தலைக் காத்ததா, கூந்தலிலிருந்து வீட்டைக் காத்ததா என்ற ஐயம் எழுந்துவிட்டால் எளிதில் அடங்குவதில்லை. இரண்டும் ஒரே மூன்று கால் பின்னலால் நிறைவேறியிருக்கின்றன என்பதால், எது எதற்காக என்று பிரித்துக் காட்ட வழியில்லை.

இதனோடு சேர்த்து நினைக்க வேண்டிய கொடுமை ஒன்று உண்டு. தமிழகத்தின் பிராமணக் குடும்பங்களிலும் வேறு சிலவற்றிலும் கணவனை இழந்த பெண்ணின் தலையை மழிக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டுக்குள்ளும் நீடித்தது. பல்லாண்டு இரவுகளில் அவளும் அவள் தாயும் சிதையாமல் காத்துவந்த கூந்தல் ஒரு காலைப்பொழுதில் எடுக்கப்பட்டது. பிறகு மாதந்தோறும் எடுக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. கூந்தலைக் காப்பதில் பெண்ணுக்கு உரிமை இருந்ததா, கடமை மட்டும் இருந்ததா என்ற கேள்வியை அந்த வழக்கம் ஒளிவுமறைவின்றி எழுப்புகிறது. காத்தவளுக்கே அது உரியதாக இருந்திருந்தால், இன்னொருவருடைய சாவு அதைப் பறித்திருக்க முடியாது. இன்று அந்த வழக்கம் ஒழிந்துவிட்டது என்பதில் ஆறுதல் உண்டு. கூந்தலின் நீளத்தைப் பெண் பார்க்க வந்தவர்கள் கண்ணால் அளப்பது முற்றாக ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

தன் விருப்பத்தோடு கொடுப்பது வேறு. பழனியிலும் சமயபுரத்திலும் திருத்தணியிலும் திருப்பதியிலும் முடிக் காணிக்கை செலுத்தும் பெண், பின்னலோடு வந்து அமர்ந்து, தண்ணீர் தெளித்த சில நிமிடங்களில் மொட்டையாக எழுகிறாள். நேர்ந்துகொண்டதைச் செலுத்தியதில் அவளுக்கு ஒரு நிறைவு உண்டு, அதை வெளியிலிருந்து எவரும் மதிப்பிட்டுக் குறைக்க முடியாது. ஆனால் கொடுக்கப்பட்ட பொருள் அங்கேயே நின்றுவிடுவதில்லை. திருமலையில் சேரும் முடி நீளவாரியாகப் பிரிக்கப்பட்டு மின் ஏலத்துக்கு விடப்படுகிறது; 31 அங்குலத்துக்கு மேற்பட்டது முதல் தரம், அந்த வருவாய் சில ஆண்டுகளில் 100 கோடி ரூபாயைத் தாண்டியிருக்கிறது. 31 அங்குலம் என்பது ஏறத்தாழ 79 சென்டிமீட்டர், ஆறரை ஆண்டு வளர்ச்சி. வணிகத்தில் ‘ரெமி’ எனப்படும் முடிக்கு விலை கூடுதல். எல்லா இழைகளின் செதில்களும் ஒரே திசையை நோக்கியிருக்க வேண்டும் என்பதே அதன் இலக்கணம். ஒரே தலையிலிருந்து பின்னலாகவோ கட்டாகவோ எடுக்கப்பட்ட முடியில்தான் அது எளிதாக வாய்க்கும். சாயமும் இரசாயனமும் படாமல், எண்ணெய் பூசி, நாள்தோறும் பின்னிக் காக்கப்பட்ட கூந்தலைத்தான் உலகச் சந்தை மிகுந்த விலை கொடுத்து வாங்குகிறது. அதாவது, ஏலத்தில் பேசப்படும் தரத்தின் பெரும்பகுதி யாரோ ஒருத்தியின் இரவுகளில் உண்டானது. அந்த வேலை எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. துப்பி எறியப்பட்ட சீப்பு முடிக்கும் இப்போது விலையுண்டு. பல ஊர்களில் அது நெகிழிப் பையில் சேர்த்துவைக்கப்பட்டு, தெருவில் வரும் வியாபாரியிடம் பாத்திரத்துக்கோ சில்லறைக் காசுக்கோ மாற்றப்படுகிறது. கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்தில் பெண்கள் கூட்டங்கூட்டமாக அமர்ந்து அந்த உருண்டைகளை இழை இழையாகப் பிரித்தெடுக்கிறார்கள். ஊர் ஊராகச் சேர்ந்த சிக்கை, அந்தச் சிக்குக்குத் தொடர்பே இல்லாத கைகள் எடுக்கின்றன.

காணிக்கை முடி போய்ச் சேரும் இடங்களில் அதன் இரவுகள் தொடர்கின்றன. அமெரிக்காவில் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் பலர் இந்திய முடியால் ஆன இணைப்புகளை வாங்கி அணிகிறார்கள். படுக்கும்போது அதை சாட்டின் துணியாலோ சாட்டின் தொப்பியாலோ மூடிக்கொள்கிறார்கள். அவர்களுடைய சொந்த முடிக்கு அந்த உறை இன்னும் இன்றியமையாதது. சுருள் மிகுந்த இழையில் தோலின் எண்ணெய் நுனிவரை இறங்காது, ஒவ்வொரு வளைவும் முறிவதற்கு ஏதுவான இடம், ஆகவே ஓரிரவு உறையில்லாமல் உறங்கினால்கூட மறுநாள் காலையில் வறட்சியும் சிக்கும் மிகுந்துவிடும். லூசியானாவில் ஸ்பானிய ஆளுநர் எஸ்தெபான் மீரோ 1786-இல் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் தலையைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தப் பெண்கள் விதிக்கப்பட்ட அந்தத் துணியையே வண்ணங்களாலும் முடிச்சுகளாலும் அணியாக்கிக்கொண்டார்கள் என்பதும் வரலாறு. பகலில் பிறர் கட்டாயப்படுத்திய தலைத்துணியும் இரவில் தானே தேர்ந்து கட்டிக்கொள்ளும் தலைத்துணியும் பார்வைக்கு நெருங்கியவை, பொருளில் எதிரெதிரானவை. முடி யாருடையது என்ற கேள்வி 2004-இல் வேறொரு திசையிலும் எழுந்தது: மணமான வைதிக யூதப் பெண்கள் தம் முடியை மறைக்க அணியும் பொய்முடியில் இந்தியக் கோயில் முடி கலந்திருக்கிறது, அது அவர்கள் சமயம் விலக்கிய வழிபாட்டிலிருந்து வந்தது என்று எருசலேமின் மூத்த ரப்பி யோசேப் ஷாலோம் எல்யாஷிவ் தீர்ப்பளித்தார், நியூயார்க்கின் புருக்ளின் தெருக்களில் பொய்முடிகள் எரிக்கப்பட்டன. பழனியிலோ திருமலையிலோ தலை கொடுத்தவர்களுக்கு அந்தத் தீ பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உயிரற்றதென்று உடலியல் ஒதுக்கிய பொருள், ஒருத்திக்கு நேர்த்தியாகவும் இன்னொருத்திக்கு அழகாகவும் மூன்றாமவளுக்குப் பாவமாகவும் பயணம் செய்திருக்கிறது.

கூந்தலைக் காப்பது எப்போது உடலைக் காப்பதற்கு எதிராகத் திரும்புகிறது என்பதும் கேட்கப்பட வேண்டும். ஜப்பானில் கியோத்தோவின் மைகோக்கள், அதாவது கெய்ஷா கலைக்குப் பயிற்சி பெறும் இளம்பெண்கள், தம் சொந்த முடியில் போடப்பட்ட ஒப்பனை பல நாள்கள் கலையாதிருக்கக் கழுத்தை மட்டும் தாங்கும் உயரமான தலையணையில் உறங்கப் பழகுகிறார்கள்; அங்கே இழை காக்கப்படுவதில்லை, வடிவம் காக்கப்படுகிறது, உறக்கம் அதற்கு விலையாகிறது. தமிழ்ப் பள்ளிச் சிறுமிகளின் இரட்டைப் பின்னலில் இதன் சிறிய வடிவம் ஒன்று இருக்கிறது. காலை அவசரத்துக்காக முந்தின இரவே நெற்றி இழுபட இறுக்கிப் பின்னிவிடும் வீடுகள் உண்டு. அந்த இழுவை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் நெற்றியோரத்திலும் காதருகிலும் மயிர்க்கால்கள் சேதமுற்று முடி மெலிகிறது, இழுவை வழுக்கை என்று தோல் மருத்துவம் இதை அழைக்கிறது, தொடக்கத்தில் தளர்த்திவிட்டால் மீளும், முற்றிவிட்டால் மீளாது. இரவுப் பின்னல் தளர்வாக இருக்க வேண்டும் என்பதைக் காட்டிலும் உறுதியாகச் சொல்லத்தக்க அறிவுரை இந்தத் துறையில் வேறில்லை. சுண்டுவிரல் உள்ளே நுழையும் தளர்ச்சி போதும்.

மருத்துவமனைகளில் இந்தப் பொறுப்பு முன்பின் அறியாத கைக்கு மாறுகிறது. அறுவைச் சிகிச்சைக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ அழைத்துச் செல்லப்படும் பெண்ணுக்குச் செவிலியரோ உடனிருப்பவரோ நடுவகிடு எடுத்து, காதுகளுக்குக் கீழே இரண்டு பின்னல்களாகப் போட்டு முன்புறம் விடுகிறார்கள். மல்லாந்து கிடப்பவளின் பின்தலையில் முடிச்சு எதுவும் அழுந்தாதிருக்கவும், முகத்தருகே வேலை செய்பவர்களுக்கு இடையூறு நேராதிருக்கவும் கண்ட ஏற்பாடு அது. நாள்கணக்கில் நினைவின்றிக் கிடக்கும் நோயாளிக்கு அந்தப் பின்னல்கள் பிரித்துப் போடப்படாமல் விடப்பட்டால், வியர்வையும் கழன்ற முடியும் சேர்ந்து பிடரி முழுவதும் ஒரே தகடாகிவிடும். அவள் கண்விழிக்கும்போது தலை கத்தரிக்கப்பட்டிருப்பதும் உண்டு. உயிரைக் காப்பதற்கிடையே முடியைப் பார்க்க நேரமேது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் பிழைத்தெழுந்த பெண் முதலில் கையை உயர்த்தித் தேடுவது பெரும்பாலும் பின்னலைத்தான். கிடை நோயாளிக்குத் தலைவாரிவிடுவது செவிலியர் பயிற்சியில் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. ஆள் பற்றாக்குறை மிகுந்த வார்டுகளில் முதலில் கைவிடப்படுவதும் அதுதான். இரண்டு நாளுக்கொரு முறை பத்து நிமிடம், ஓர் அகன்ற பல் சீப்பு, சில துளி எண்ணெய், ஒரு மென்துணி என்பதற்கு மேல் அது எதையும் கேட்பதில்லை. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் உறவினரிடம் ஒரு வார்த்தை கேட்பதும், வெட்டிய பின்னலை நோயாளியின் உடைமைகளோடு சேர்த்து ஒப்படைப்பதும் அந்தப் பத்து நிமிடங்களுக்குள் அடங்கும்.